ஐந்து பவுண்டு டிக்கெட்டில் ஷேக்ஸ்பியர்: 2024 கோடையில் பார்த்த நாடகங்கள்

லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடகம் பார்க்க எந்த டிக்கெட் எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: குளோப் அரங்கு, முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட். இருப்பதிலேயே விலை குறைந்ததும் அதுதான், இருப்பதிலேயே நல்லதும் அதுதான். 2024இல் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை லண்டனிலும் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டிலும் மாறி மாறி நாடகமாகவே பார்த்துத் தீர்த்தேன், குளோப், ரீஜென்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கு, நேஷனல் தியேட்டர், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்று ஒன்றையும் விடவில்லை, காசு அதிகம் கொடுத்து உட்கார்ந்த இருக்கைகளும் அதில் உண்டு. அத்தனையும் பார்த்த பிறகும் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த முற்றத்தில்தான். 2024இல் டிக்கெட் 5 பவுண்டில் தொடங்கியது.

இன்றைய குளோப் பழையது இல்லை, பழையதைப் பார்த்துக் கட்டியது. ஷேக்ஸ்பியரின் குழு 1599இல் கட்டிய அசல் அரங்கு 1613இல் எட்டாம் ஹென்றி நாடகம் நடந்துகொண்டிருந்தபோது மேடைப் பீரங்கியை வெடித்ததில் கூரையில் தீப்பிடித்து எரிந்துபோனது. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பற்ற, பாட்டில் பீரை ஊற்றி அவர் அதை அணைத்தார் என்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. மறுவருடமே திரும்பக் கட்டினார்கள், 1642இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை எல்லாம் மூடச் சொன்னதோடு அதன் கதை முடிந்தது. சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் 1949இல் லண்டனுக்கு வந்து அந்த இடத்தைத் தேடிப் போனபோது, ஒரு மதுபான ஆலையின் சுவரில் பதித்த பலகை மட்டும்தான் இருந்ததாம். அந்த ஒரு ஏமாற்றத்தை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அலைந்து பணம் திரட்டினார், அரங்கு 1997இல் முறையாகத் திறந்தபோது பார்க்க அவர் இல்லை, 1993இலேயே இறந்துவிட்டார். ஓக் மரச் சட்டங்கள், மேலே வைக்கோல் கூரை. 1666இல் லண்டன் எரிந்த பிறகு நகரத்தில் அனுமதி கிடைத்த முதல் வைக்கோல் கூரை இதுதான். அரங்கின் நடுவே கூரை கிடையாது, வானம்தான்.

இதை எல்லாம் சுற்றுலா வழிகாட்டியும் சொல்வார். நாடகம் பார்க்கிறவருக்கு முக்கியமான விஷயம் வேறு: இங்கே வெளிச்சம் அணைவதில்லை. பகல் காட்சியில் சூரிய வெளிச்சம், இரவுக் காட்சியிலும் பகல் மாதிரியே மேடைக்கும் முற்றத்துக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரு வெளிச்சம். மற்ற அரங்குகளில் நாம் இருட்டில் ஒளிந்துகொண்டு பார்க்கிறோம், நடிகருக்கு நம் முகம் தெரியாது. இங்கே தெரிகிறது. தனிமொழி என்று பாடப் புத்தகத்தில் படித்தது, ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தது, இந்த முற்றத்தில் நின்றதும் அப்படியே மாறிப்போகிறது. அவர் தனக்குத் தானே பேசவில்லை, நம்மிடம் கேட்கிறார், பதில் எதிர்பார்க்கிறார்.

முதலில் பார்த்தது மச் அடூ அபௌட் நத்திங், ஷான் ஹோம்ஸ் இயக்கம், மேடையெங்கும் ஆரஞ்சு மரங்கள். பீட்ரிஸாக அமாலியா வைட்டேல், பெனடிக்காக ஈகோ குவார்ட்டி. கல்யாணமே வேண்டாம் என்று சத்தியம் செய்த பெனடிக், பீட்ரிஸ் தன்னைக் காதலிக்கிறாள் என்று நண்பர்கள் பொய்யாகப் பேசுவதை ஒட்டுக்கேட்டுவிட்டு, ஒரே நிமிடத்தில் கொள்கையை மாற்றிக்கொண்டு, உலகத்தில் ஜனங்கள் பெருக வேண்டாமா என்று ஒரு காரணம் கண்டுபிடிப்பான் பாருங்கள், அந்த வரியைப் புத்தகத்தில் படித்தால் ஒரு புன்னகை வரும், அவ்வளவுதான். முற்றத்தில் எழுநூறு பேர் நின்றுகொண்டு தங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படுவதாகக் கேட்கும்போது அது ஒரு வழக்கு, நாம்தான் நடுவர்கள், தீர்ப்பைச் சிரிப்பாகக் கொடுக்கிறோம்.

அதே நாடகத்தில் நாலாம் அங்கம். கல்யாண மேடையில், பீட்ரிஸின் உறவுக்காரியான ஹீரோ என்ற மணப்பெண்ணை மாப்பிள்ளை கிளாடியோ எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டுப் போய்விட்டான். பெனடிக்கும் பீட்ரிஸும் தனியாக நிற்கிறார்கள், ஒருவழியாகக் காதலைச் சொல்லிவிடுகிறார்கள், கூட்டம் நெகிழ்ந்துபோய் நிற்கிறது, உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், சொல் என்கிறான் அவன். கிளாடியோவைக் கொன்றுவிடு என்கிறாள் அவள். இந்த இடத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு வரும், நான் நின்ற அன்றும் வந்தது, ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. என் பக்கத்தில் நின்ற பெண் வாயைத் திறந்து சிரிக்கத் தொடங்கி, பீட்ரிஸின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உதட்டை மடித்துக்கொண்டார். வெளிச்சம் இருந்ததால்தான் எனக்கு அது தெரிந்தது. நகைச்சுவை நாடகம் எங்கே திரும்புகிறது என்பதை மேடையைப் பார்த்து மட்டுமல்ல, பக்கத்து ஆளைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அப்புறம் மூன்றாம் ரிச்சர்ட். குளோபின் கலை இயக்குநர் மிஷெல் டெர்ரியே ரிச்சர்டாக நடித்தார். ரிச்சர்டை முதுகு வளைந்தவனாக எழுதியிருக்கிறார் ஷேக்ஸ்பியர், அதனால் மாற்றுத்திறனாளி நடிகர் ஒருவருக்குப் போகவேண்டிய பாத்திரம் இது என்று நாடகம் தொடங்கும் முன்பே பெரிய விவாதம் நடந்தது, அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். நாடகத்தைப் பொறுத்தவரை, ரிச்சர்ட் ஆரம்பத்திலிருந்தே தன் திட்டங்களை முதலில் நம்மிடம்தான் சொல்கிறான், அதனால் அரியணைக்காகக் கொலைகள் விழ விழ நமக்கும் அதில் பங்கு இருப்பதுபோல ஆகிவிடுகிறது. மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் ரிச்சர்டின் கூட்டாளி பக்கிங்ஹாம் ஊர்மக்களைக் கூட்டிவைத்து, ரிச்சர்டை அரசனாக ஏற்றுக்கொள்ளும்படி கெஞ்ச வைப்பான், ரிச்சர்ட் கையில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு வேண்டாம் வேண்டாம் என்று பிகு செய்வான். அந்த ஊர்மக்கள் யார்? நின்றுகொண்டிருக்கும் நாம்தான். வாழ்க என்று குரல் கொடுக்கச் சொல்லும்போது சிலர் உற்சாகமாகக் கத்துகிறார்கள், சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள், கத்தியவர்கள் சற்று நேரத்தில் ஏன் கத்தினோம் என்று யோசிக்கிறார்கள். நானூறு வருடத்துக்கு முன்னால் எழுதியவர் நின்று பார்க்கும் கூட்டத்தை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதியிருக்க முடியும். உட்கார்ந்து இருட்டில் பார்த்தால் இந்தக் காட்சி பாதிதான் கிடைக்கும்.

அந்தக் கோடையில் என்னை அதிகம் பாதித்தது ஆகஸ்டில் வந்த அந்தோனியும் கிளியோபாட்ராவும். பிளான்ச் மெக்கின்டயர் இயக்கம். எகிப்தியர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் சைகை மொழியில் பேசுகிறார்கள், ரோமானியர்கள் வாய்விட்டு ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், அரங்கில் ஆங்காங்கே திரைகளில் வசனம் ஓடுகிறது. கிளியோபாட்ராவாக நாடியா நடராஜா, காது கேளாத நடிகை. கண் திரைக்கும் கைக்கும் ஓடி ஓடி முதலில் கொஞ்சம் திணறும், பிறகு பழகிவிடும், அதற்கும் பிறகு வசனத்தைப் படிப்பதை நீங்களே நிறுத்திவிடுவீர்கள். ரோமுக்கும் எகிப்துக்கும் இடையில் என்ன சண்டை என்பதை விளக்கவே தேவையில்லை, ஒரு பக்கம் உதடு, மறுபக்கம் முழு உடம்பு, அவ்வளவு பச்சையாகத் தெரிகிறது. கடைசி அங்கத்தில், செத்துப்போன அந்தோனியைப் பற்றிக் கிளியோபாட்ரா தன் கனவைச் சொல்லும் ஒரு பேச்சு உண்டு, அவன் கால்கள் சமுத்திரத்தைத் தாண்டி ஊன்றி நின்றன என்று. காதால் கேட்டால் அது உயர்வு நவிற்சி. கையால் சொல்லும்போது அந்தச் சமுத்திரம் எத்தனை அகலம், அந்த மனிதன் எத்தனை உயரம் என்று அளந்தே காட்டுகிறார்கள். முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை, மேலே விமானம் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அடர்த்தியான கவிதைக்குக் குரல் வேண்டும் என்று நினைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, நிற்பது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால் வலிக்கும். மூன்று மணி நேரம் வரை போகும், ஆட்டம் நடக்கும்போது முற்றத்தில் தரையில் உட்கார விடமாட்டார்கள், குடை விரிக்கக் கூடாது, மழை பெய்தாலும் நாடகம் நிற்காது. மழைக்கு உடலை மூடும் பிளாஸ்டிக் அங்கி ஒன்று பையில் இருக்கட்டும், பகல் காட்சிக்குத் தொப்பி, தட்டையான பழைய செருப்போ ஷூவோ. சீக்கிரம் போனால் மேடை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கலாம், நடிகரின் நெற்றியில் வேர்வை உருள்வதும், வாள் சண்டையில் மூச்சு வாங்குவதும், ஷூவின் தேய்ந்த அடிப்பகுதியும் கண்ணுக்கு நேரே இருக்கும். முதுகுக்குத் தாங்கல் வேண்டும் என்பவர்கள் பின்சுவர் ஓரம் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கிருந்தும் தூரம் அதிகமில்லை. மேடையில் இரண்டு பெரிய தூண்கள் உண்டு, எங்கே நின்றாலும் ஏதோ ஒரு கணத்தில் ஒன்று மறைக்கும், ஆனால் நிற்பவருக்கு ஒரு வசதி, இரண்டு அடி நகர்ந்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அது முடியாது. முடிவில் எல்லா நடிகர்களும் சேர்ந்து ஓர் ஆட்டம் ஆடுவார்கள், சோக நாடகமானாலும் ஆடுவார்கள். 1599இல் லண்டனில் ஜூலியஸ் சீசர் பார்த்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணியும் முடிவில் நேர்த்தியாக ஆடினார்கள் என்றுதான் எழுதிவைத்திருக்கிறார். செத்துக் கிடந்தவர்கள் எழுந்து ஆடும்போது மனம் லேசாவது உண்மை.

ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு லண்டன் மேரிலபோன் நிலையத்திலிருந்து ரயில். பகல் காட்சியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது, இரவுக் காட்சி முடிந்து ரயிலில் லண்டன் திரும்புவது சிரமம், இல்லாவிட்டால் அங்கேயே தங்குங்கள். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் பெரிய அரங்கான ராயல் ஷேக்ஸ்பியர் தியேட்டரைப் புதுப்பித்து 2010இல் திறந்தபோது செய்த மிகப் பெரிய காரியம் மேடையை நீட்டிப் பார்வையாளர்களுக்கு நடுவே கொண்டுவந்தது; முன்பு 27 மீட்டர் தூரத்தில் இருந்த கடைசி இருக்கை இப்போது 15 மீட்டரில். ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் இது சாதாரணம் இல்லை. அங்கே மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர் பார்த்தேன், அதையும் இயக்கியது பிளான்ச் மெக்கின்டயர்தான், ஒரே கோடையில் அதுவும் கிளியோபாட்ராவும்! கதையை இன்றைய ஆங்கிலப் புறநகருக்குக் கொண்டுவந்திருந்தார்கள், ஃபால்ஸ்டாஃப் என்ற குண்டு மனிதராக ஜான் ஹாட்ஜ்கின்சன். அழுக்குத் துணிக் கூடைக்குள் அந்தப் பெரிய உடம்பைத் திணிக்கும் காட்சி ஒன்று போதும், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஷெரிடனின் த ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டலும் அதே மேடையில் அதே பருவத்தில் ஓடியது. 1777இல் எழுதிய வதந்தி நாடகம், வசனம் கத்தி மாதிரி, ஆனால் அதில் யாருக்காகவும் எனக்கு மனம் பதறவில்லை.

பதறியது பெரிக்ளிஸுக்கு. பக்கத்திலேயே உள்ள ஸ்வான் அரங்கில், டமாரா ஹார்வி இயக்கத்தில். ஸ்வான் சின்னது, மூன்று பக்கமும் மாடங்கள், மேடை நம் மடி வரை நீண்டு வருகிறது. நாடகமோ ஷேக்ஸ்பியரின் ஒழுங்கில்லாத நாடகங்களில் ஒன்று, முதல் பகுதி வேறொருவர் எழுதியது என்பது அறிஞர்கள் கருத்து, 1623இல் வந்த முதல் தொகுப்பில் இதைச் சேர்க்கவே இல்லை. மூலத்தில் கோவர் என்ற பழைய கவிஞர் நம் கூத்தின் கட்டியங்காரன் மாதிரி வந்து நின்று, இத்தனை வருடம் போயிற்று, இன்ன ஊருக்கு வந்தான் என்று கதையை நகர்த்திக்கொண்டே இருப்பார். அரசன் பெரிக்ளிஸுக்கு ஊர் ஊராகக் கப்பல், புயல், கடலில் பிறக்கும் குழந்தை, இறந்தாள் என்று பெட்டியில் வைத்துக் கடலில் விடப்படும் மனைவி. படிக்கும்போது எனக்குப் பொறுமை போனது. கடைசியில், பேச்சையே விட்டுவிட்டு மழிக்காத தாடியோடு கிடக்கும் பெரிக்ளிஸிடம் மரீனா என்ற பெண் வந்து பேச்சுக் கொடுப்பாள். அவள் தன் மகள் என்று அவனுக்குத் தெரியாது, அவன் தன் அப்பா என்று அவளுக்கும் தெரியாது. ஒவ்வொரு கேள்வியாக, ஒவ்வொரு பதிலாக, அவசரமே இல்லாமல் அது வெளியே வரும். பெரிக்ளிஸாக நடித்த ஆல்ஃபிரட் ஈனக் நம்பலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பெற்றவனை நீயே பெற்றெடுத்தாய் என்று மகளைப் பார்த்துச் சொல்வான் அந்த அப்பன். அந்த ஒரு வரிக்காக முன்னால் வந்த அத்தனை புயலையும் மன்னிக்கலாம். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் பெரிய அரங்கை விட்டுவிட்டு ஸ்வானில் என்ன ஓடுகிறதோ அதைப் பாருங்கள் என்பேன். 2024இல் 14 முதல் 25 வயதுக்காரர்களுக்கு 10 பவுண்டு டிக்கெட் இருந்தது.

ரீஜென்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கும் வானத்தின் கீழேதான், ஆனால் அனுபவம் வேறு. எல்லாருக்கும் இருக்கை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, சுற்றிலும் மரங்கள். 1932இல் தொடங்கியபோது முதலில் போட்டது பன்னிரண்டாம் இரவு. 2024 பருவத்தையும் அதை வைத்தே தொடங்கினார்கள், ஓவன் ஹார்ஸ்லி இயக்கம், கடற்கரை மதுக்கடை ஒன்றில் நடப்பதாக. நல்ல இசை, நல்ல நடிப்பு, இருந்தாலும் காதுக்கு ஒலிபெருக்கி வழியாக வரும் ஷேக்ஸ்பியர் எனக்கு ஒரு படி தள்ளியே நின்றது. அந்த அரங்குக்கு அச்சாகப் பொருந்தியது ஃபிட்லர் ஆன் த ரூஃப் இசை நாடகம்தான், ஊரைவிட்டுத் துரத்தப்படும் ஒரு யூதக் கிராமத்தின் கதை. ஜோர்டன் ஃபைன் இயக்கம், டாம் ஸ்கட்டின் மேடை அமைப்பு. மேடை முழுக்கக் கோதுமை வயல், தொடக்கத்தில் அந்த வயலே ஒரு பக்கமாகப் பெயர்ந்து மேலே எழும்பிக் கூரையாகிறது, வயலின்காரர் அதன் மேல் நிற்கிறார். இந்த ஒரு காரியத்தில் நாடகம் சொல்ல வந்தது முழுக்க இருக்கிறது: காலடி மண்ணையே பிடுங்கிவிட்டால் மனிதர் எங்கே நிற்பது. ஆரம்பத்தில் நல்ல வெயில், போகப் போக அந்தி, வெளியேற்ற உத்தரவு வரும் நேரத்தில் நிஜமாகவே இருட்டு. எந்த விளக்கு அமைப்பாளராலும் தர முடியாதது அது. போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில் மாலைக் காட்சியாக எடுங்கள். மழையால் நின்றால் பணம் திரும்ப வராது, வேறு நாளுக்கு டிக்கெட் மாற்றித் தருவார்கள், எனவே ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வேண்டாம்.

நேஷனல் தியேட்டரில் த கிரேப்ஸ் ஆஃப் ராத், செர்ரி ஜோன்ஸ் அம்மாவாக நடித்தது. நீளமான, மெதுவான, கனமான நாடகம். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகும் குடும்பம், வழியில் ஒவ்வொருவராகக் குறைவது, இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன. செர்ரி ஜோன்ஸ் குரலை உயர்த்தவே இல்லை, குடும்பத்தில் யார் உடைந்தாலும் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், அவர் அதைத் தெரிந்துகொண்டு முகத்தை வைத்துக்கொள்கிறார். அங்கே வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அடுத்த வாரக் காட்சிகளுக்கு 10 பவுண்டு (2024 விலை) டிக்கெட்டுகளை இணையத்தில் விடுவார்கள், அதைக் குறிவைத்துப் பிடிக்கலாம்.

இவற்றோடு லண்டனின் வணிக நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் ஒரு பழைய அரங்கில் பெயர்போன நடிகர் நடித்த நாடகம் ஒன்றுக்கும் போனேன், பெயர் வேண்டாம். அந்தக் கோடையில் நான் கொடுத்த அதிகபட்ச விலை அதற்குத்தான், கிடைத்தது மேல்மாடத்தில் இரும்புத் தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை, தூண் மறைக்கும் என்று விற்கும்போது ஒரு வார்த்தை இல்லை. மேடையில் பாதியும் நடிகரின் உச்சந்தலையும் தெரிந்தன. கேட்டதற்கு அரங்கு நிரம்பிவிட்டது என்றார்கள். நட்சத்திரத்தைப் பார்த்தோம் என்ற திருப்தி வேண்டுபவர்கள் போகட்டும், அதே காசுக்குக் குளோபில் ஒரு பருவத்தையே பார்க்கலாம். அங்கே போகத்தான் வேண்டும் என்றால் இருக்கை எண்ணை இணையத்தில் போட்டுத் தேடுங்கள், முன்பு உட்கார்ந்தவர்கள் படத்தோடு எழுதியிருப்பார்கள்.

குளோபுக்கு முதல்முறை போகிறவர்கள் நகைச்சுவை நாடகத்தில் தொடங்குங்கள், வரலாற்று நாடகம் வேண்டாம், யார் யாருக்கு மாமன் மச்சான் என்று புரிவதற்குள் இடைவேளை வந்துவிடும். கதைச் சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள், வசனம் ஒவ்வொன்றும் புரியவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேயருக்கும் எல்லாம் புரிவதில்லை, நடிகர் உடம்பும் குரலும் மீதியைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் நிற்க வைக்காதீர்கள், கீழ் மாடத்தில் பெஞ்ச் இருக்கை எடுத்து, வாடகைக்கு மெத்தையும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் முற்றத்துக்கு இறங்கிவிடுங்கள். கோடைப் பருவ டிக்கெட் வருடத் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும், விலை குறைந்த இடங்கள்தான் முதலில் தீரும்.